பதில் சொன்ன ஆறு பேர்

வேம்படித்துறைக் கோயிலைக் கூட்டி, மணி அடித்து, ஆறு மீனவச் சிறுவர்களுக்கு இலத்தீன் இலக்கணம் கற்பித்து வந்தார் கஸ்பார் அண்ணாவியார். ஈரமணலில் அவர் விரலால் எழுதுவார். பிள்ளைகள் உரக்கச் சொல்வார்கள். அலை வந்து அழித்தால் மறுபடி எழுதுவார். எப்போதாவது ஊருக்கு வரும் கத்தோலிக்கக் குரு பூசை வைக்கும்போது இலத்தீனில் பதில் சொல்ல ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் பூசையும் இல்லை. அதற்கு நாலு வரி ஒப்பித்தால் போதாதா, இலக்கணம் எதற்கு என்று ஊர் கேலி செய்தது. "ஆண்டவருகிட்ட அர்த்தம் தெரியாமலா பேசுறது?" என்பார் அவர்.

ஆறு பேரில் சுவக்கீன் அவசரக்காரன். குருவின் வரியை அண்ணாவியார் சொல்லி முடிக்குமுன்னே பதிலைச் சொல்லிவிடுவான். "பொறுடா, பொறு" என்று அவனைக் கண்டிக்காத நாளில்லை.

குரு கடைசியாக வந்துபோய் நான்கு வருடமாகியிருந்த கோடையில் ஊருக்குள் வாந்திபேதி புகுந்தது. ஒன்பது நாளில் ஆறு பிள்ளைகளையும், பூசையில்லாமல், அண்ணாவியாரே புதைத்தார். பிறகு அவரும் படுத்தார். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. இது என்ன இரக்கமோ, எழுதுகிற எனக்கே விளங்கவில்லை.

ஆனாலும் தினமும் காலையில் மணலில் பாடம் எழுதிவிட்டு, யாருமில்லாத இடத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சுவக்கீனின் தாய் லூசியம்மாள் ஒருநாள் ஓடிவந்து அந்த எழுத்தைக் காலால் கலைத்தாள். "எம்புள்ள செத்தும் விடமாட்டீரா? அவன் தூங்கட்டும்யா!" அண்ணாவியார் அழுதார். மறுநாளும் எழுதினார்.

மழைக்கு முன் ஒரு தோணியில் குரு ஒருவர் வந்து இறங்கினார். அன்றே திரும்பவேண்டியவர். இறந்த பிள்ளைகளுக்காக ஒரு பூசை வேண்டுமென்று ஊரே அவர் காலில் விழுந்தது. "பதில் சொல்ல யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார் குரு. கஸ்பார் பீடத்தருகே போய் முழந்தாளிட்டார். "ஊமையா பதில் சொல்லப்போறாரு?" என்று ஒருவன் கசப்பாகச் சிரித்தான்.

குரு தொடங்கினார். கஸ்பார் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அப்படியே. வெட்கத்தில் அவர் தலை தரையைத் தொட்டது. குருவின் குரலைத் தவிர ஊரார் எதையும் கேட்கவில்லை. ஆனால் குரு எங்கும் தடுமாறாமல் பூசையை முடித்தார்.

முடித்தவர் கஸ்பாரின் தோளைத் தொட்டார். "நன்றாகக் கற்பித்திருக்கிறீர். ஆறு பிள்ளைகளும் தெளிவாகப் பதில் சொன்னார்கள். எங்கே நிற்கிறார்கள் அவர்கள்? ஒருவன் மட்டும் நான் முடிக்குமுன்னே முந்திக்கொள்கிறான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்."

லூசியம்மாள் அலறிக்கொண்டு தரையில் விழுந்தாள்.

பிள்ளைகள் திரும்பவில்லை. அவர் குரலும் திரும்பவில்லை. மறுநாள் காலை அவர் பாடம் எழுதியபோது லூசியம்மாளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்க ஆளில்லாதபோதும் கற்பித்த அந்த ஏழையின் பாடத்தை ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் விரல் பட்ட மணலுக்கும் நம் வணக்கம்.