ஏழு கோடுகள்

“மீன் சாப்பிட மாட்டேங்குதும்மா,” என்றார் திருவேங்கடம். “ஒன்பது நாளாச்சு. செத்துருமோன்னு பயமா இருக்கு.”

எஸ்தர் அவர் கையிலிருந்த ஆக்ஸிஜன் பையை வாங்கி, மீனை ஒரு காலித் தொட்டியில் விட்டாள். கண்ணாடிக்கு முன்னால் குனிந்தாள்.

அவர் விலங்கியல் பேராசிரியர். ஐம்பத்தேழு வயது. அவள் கொளத்தூரில் ஆப்பிரிக்க மீன்களைப் பெருக்கி விற்பவள். அவருடைய மகளைவிடச் சின்னவள். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவளிடம் வந்து மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் சார் என்பாள்.

மீன் விரல் நீளம்தான் இருந்தது. சாம்பல் படிந்த உடம்பில் மேலிருந்து கீழாக ஏழு கறுப்புக் கோடுகள்.

“வாயைப் பாத்தீங்களா சார்?”

“ஏன், புண்ணா?”

“தாடை உப்பியிருக்கு. வாய் நிறைய முட்டை. எப்படிச் சாப்பிடும்?”

அவரும் குனிந்து பார்த்தார்.

“இந்த ஜாதி வாயிலதான் அடைகாக்கும்னு படிச்சிருப்பீங்களே.”

“முப்பது வருஷமா பாடமே எடுத்திருக்கேன்.”

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அப்பன் எங்க சார்?”

“ஜாடியில.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் சொன்னார். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், அதுவரை யாரும் வலை போடாத ஒரு மூலையில் பிடித்த பன்னிரண்டு மீன்கள். தெரிந்தவர் ஒருவர் அனுப்பிவைத்தார். பல், செதில், துடுப்பு முள் எல்லாம் ஏற்கெனவே பெயருள்ள மஞ்சள் மீனுக்கு இருப்பதுபோலத்தான். ஆனால் அதற்குக் கோடு கிடையாது. இதற்கு ஏழு. ஆகவே இது வேறு இனம். கட்டுரை எழுதியாகிவிட்டது. பெயரும் வைத்தாகிவிட்டது. இனி அந்தப் பெயரை எவர் அச்சில் எழுதினாலும், பக்கத்தில் பெயர் வைத்தவர் பெயரையும் எழுதியாக வேண்டும்.

“ஓய்வுக்கு நாலு மாசம் இருக்கும்மா. இத்தனை வருஷத்துல நான் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான். பத்திரிகையில உயிரோட இருக்கிற மீனோட படம் கேக்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள அனுப்பணும். மிச்சம் இருக்கிறது இது ஒண்ணு.”

“மத்த பதினொண்ணுக்கும் கோடு இருந்துச்சா?”

“ஒண்ணு தப்பாம ஏழு. ஆறு இல்லை, எட்டு இல்லை.”

“எப்படி எண்ணுனீங்க?”

“வலையில அள்ளி, வெள்ளைத் தட்டுல வச்சு, மேல விளக்கைப் போட்டு.”

“உசுரோடயா?”

“ஆமா. எண்ணி முடிச்ச பிறகுதான் ஃபார்மலின் ஜாடி.”

“ம்.”

அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு தொட்டியை நெருங்கினார். மீன் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கோடுகள் தார் பூசியதுபோலக் கறுத்தன.

“பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு!”

“சார், தள்ளி வாங்க. ரொம்பப் பயந்தா முட்டையை முழுங்கிரும்.”

அவர் பின்வாங்கினார்.

எஸ்தர் ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிலும் மறைத்தாள். கத்தரிக்கோலால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டாள். அதற்கு முன்னால் ஒரு முக்காலியை வைத்தாள்.

“இது வழியாப் பாருங்க. படம் அப்புறம் எடுக்கலாம்.”

“எவ்வளவு நேரம்?”

“அது உங்களை மறக்கிற வரைக்கும்.”

“சத்தமே போட மாட்டேன்மா. என் வகுப்புல நான் நுழைஞ்சா ஊசி விழுந்தாக்கூட கேக்கும்.”

“கேக்கும், கேக்கும்,” என்றாள் எஸ்தர்.

அவர் உட்கார்ந்தார். ஒற்றைக் கண்ணை ஓட்டையில் வைத்தார். மீன் மூலையிலேயே இருந்தது. எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழு. நிம்மதியாக இருந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் மற்றத் தொட்டிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு போனாள். அவருக்கு முதுகு வலித்தது.

மீன் மூலையைவிட்டு நகர்ந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“லைட்டுல ஏதோ கோளாறும்மா,” என்றார் மெல்ல.

“இல்ல சார்.”

வாலை ஒட்டியிருந்த கோட்டைக் காணவில்லை. அதற்கு முந்தியது கரைந்துகொண்டிருந்தது. இடையில் மஞ்சள் ஊறியது.

“எத்தனை சார்?”

“அஞ்சு.”

“இப்ப?”

“மூணு.”

ஒரு தொட்டியின் மூடியை அவள் சாத்துவது கேட்டது.

“இப்ப சார்?”

தொட்டியின் நடுவே, பழுத்த எலுமிச்சை நிறத்தில், ஏற்கெனவே பெயருள்ள ஒரு மீன் நின்றுகொண்டிருந்தது. வாயை லேசாகத் திறந்து முட்டைகளைப் புரட்டிவிட்டு மூடிக்கொண்டது.

முக்காலி கிறீச்சிட்டது.

கண் இமைக்கும் நேரம். ஏழு கோடுகளும் வந்துவிட்டன. மீன் மூலையில் இருந்தது.

வலை. வெள்ளைத் தட்டு. விளக்கு. ஒன்று தப்பாமல் ஏழு.

“பதினொண்ணும்…” என்றார்.

எஸ்தர் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் கை துணியின் ஓரத்தைப் பிடித்தது.

“இப்ப ஏழும் இருக்கு சார். துணியைத் தூக்கறேன். படம் எடுத்துக்குங்க.”

கைபேசி அவர் மடியில் இருந்தது. அதை எடுத்தார். அதைத் தரையில் வைத்தார்.

“துணியைத் தொடாதீங்க.”

“திங்கக்கிழமை?”

அவர் கண்ணை ஓட்டையிலிருந்து எடுக்கவில்லை. பிடரியில் வியர்வை இறங்கியது. அவள் அங்கேயே நிற்பது தெரிந்தது. அவள் எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதும் தெரிந்தது.

“அம்மா.”

“சொல்லுங்க சார்.”

“கொஞ்ச நேரம் என்னைப் பாக்காதீங்க.”