சலேத்தம்மாள் எறிந்த கல்

"மதர், உலகத்தில் எல்லோருக்கும் பொருந்துகிற சட்டம் ஒன்றுகூடவா கிடையாது?"

சிஸ்டர் ரெஜீனா கேட்டார். மடத்துத் தலைவி மதர் தெக்லாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் மனசுக்குள் ஒன்று குடைந்தால் மதரிடம்தான் வருவார்.

மதர் வேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் அம்மை.

"நீங்களே ஒன்று சொல்லுங்கள், சிஸ்டர்."

"பொய் சொல்லக்கூடாது."

"நேற்று அம்மை கண்ட அந்தப் பெண்ணிடம், முகத்தில் தழும்பே தெரியாது என்று சொன்னது யாராம்?"

சிஸ்டரும் ஒரு வேப்பங்கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார்.

"சரி, இதைக் கேளுங்கள். பெற்றவள் தன் பிள்ளையை நோகடிக்கக்கூடாது. எந்த நாடானாலும் சரி, எந்த வேதமானாலும் சரி. இதற்கு விலக்கே கிடையாது."

"நல்ல சட்டம்," என்றார் மதர். "சூசை எங்கே?"

சூசை சலேத்தம்மாளின் மகன். ஓடப் பழகிய வயது. அம்மை கண்ட தாய், தோட்டத்துக் கோடியில் கொட்டகையில் கிடந்தாள். பிள்ளைக்கு இன்னும் ஒன்றுமில்லை. அவனைப் பார்த்துக்கொள்வது சிஸ்டரின் பொறுப்பு.

சிஸ்டர் திரும்பினார். பாயில் பிள்ளை இல்லை.

"ஐயோ, மாதாவே!"

அவன் கொட்டகையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுச் சலேத்தம்மாள் வெளியே வந்தாள்.

"வராதடா! என் ராசா, கிட்ட வராத!"

விளையாட்டு என்று நினைத்துவிட்டான். சிரித்தான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினான்.

அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

முழங்காலில் பட்டது. வீறிட்டு அழுதபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சிஸ்டர் ஓடிப்போய் அள்ளிக்கொண்டார்.

"சிஸ்டர், ரத்தம் வருதா?"

"இல்லம்மா. சிவந்திருக்கு, அவ்வளவுதான்."

சலேத்தம்மாள் வெறும் மண்ணில் முட்டி போட்டாள்.

"மதர்! பெத்த பிள்ளையக் கல்லால அடிச்சுட்டேனே. பாவந்தானே? பாவமன்னிப்பு குடுக்கச் சாமியார் வர்றதுக்குள்ள செத்துட்டா எனக்கு நரகமா?"

பின்னாலேயே வந்திருந்த மதர் சிஸ்டரைக் காட்டினார்.

"சட்டம் தெரிஞ்சவங்க இதோ நிக்கிறாங்க. அவங்களைக் கேளு."

சலேத்தம்மாள் சிஸ்டரின் முகத்தையே பார்த்தாள்.

இடுப்பிலிருந்த பிள்ளை அழுகையை விட்டுவிட்டு, மறுபடியும் அம்மாவிடம் போகத் திமிறினான். சிஸ்டர் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு கல்லு எடுத்துப் பக்கத்துல வச்சுக்கம்மா, சலேத்து."