உலக இணையத்துக்கு ஒரு நாள் விடுமுறை

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் புது அட்மின் தேர்ந்தெடுக்க, கீழே கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார்கள். பழைய அட்மின் வீட்டைக் காலி செய்துவிட்டார். அந்தப் பதவி எனக்கு வேண்டும். வேலையை விட்டபின் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை; அட்மினிடமாவது கேட்பார்கள் அல்லவா? போட்டிக்கு இருந்தது இரண்டாவது மாடி கஸ்தூரி.

"ஈரோட்டுலயே முதமுதல்ல இன்டர்நெட் வாங்கினவன் நான்," என்றேன். அது உண்மைதானா என்று எனக்கே ஒரு யோசனை. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அப்படிங்களா?" என்றார் செயலாளர் பர்வீன் டீச்சர்.

"மோடம் கீய்ய்ங்னு ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டு எங்க தெரு எருமையெல்லாம் கறவை நேரம்னு வாசல்ல வந்து நின்னுச்சு."

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி அமுதவல்லி, "எருமை ஒண்ணும் வரலீங்க டீச்சர். பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்தார், சண்டைக்கு," என்றாள்.

"வேகம் எப்படிங்க?" என்று கிண்டினார் முதல் மாடி சம்பந்தம்.

"சொந்தக்காரப் பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை போட்டோ வந்துச்சு. மேலிருந்து கோடு கோடா இறங்கும். தை மாசம் தலைமுடி. சித்திரையில மூக்கு. மீசை வர்றதுக்குள்ள பொண்ணுக்கு வேற இடத்துல கல்யாணமாகி வளைகாப்பும் ஆயிருச்சு. கடைசியா தாடி வந்தப்ப அது நரைச்சிருந்துச்சு."

"போட்டோவுலயா நரைச்சுது?"

"பின்னே? அத்தனை மாசம் வழியிலயே நின்னா உங்களுக்கு நரைக்காதா?"

சிரித்தார்கள். சிரிப்பை ஓட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற குணம் எனக்கு எப்போது இருந்தது?

"அதை விடுங்க. ஆயுத பூஜைக்கு மோடத்தைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரிகடலை படைச்சேன். பூஜையில வெச்சதை அன்னைக்குத் தொடக்கூடாதில்ல? தொடலை. அந்தக் கட்டுப்பாடு ஒயர் வழியாப் போய், அமெரிக்காவுல ஒரு மெயில் நகரலை. ஜப்பான்லருந்து போன் பண்ணி, 'அண்ணே, எப்ப எடுப்பீங்க?'ன்னு அழறாங்க. விஜயதசமி காலையில, நல்ல நேரம் பார்த்துத்தான்னுட்டேன்."

"அப்பல்லாம் இன்டர்நெட் ஓடினா போன் வராதுங்களே?" மடக்கிவிட்டதாக நினைத்தார் சம்பந்தம்.

"அதான் ஓடலையே!"

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "இப்ப எல்லார் சட்டைப்பையிலயும் இன்டர்நெட் இருக்குது. எவனாவது அதுக்கு ஒரு பொட்டு வெக்கிறானா? அதான் அப்பப்ப சுத்திக்கிட்டே நிக்குது. என்னைப் போட்டுப் பாருங்க!"

பர்வீன் டீச்சர் கைகூப்பினார். "சார், உலகத்தையே நிறுத்தினவர் நீங்க. தண்ணித்தொட்டி என்னைக்குக் கழுவறாங்கன்னு சொல்ற வேலையை உங்களுக்குக் கொடுத்தா நமக்குத்தான் பாவம். கஸ்தூரிக்கு யாரெல்லாம் கை தூக்கறீங்க?"

எல்லோரும் தூக்கினார்கள். அமுதவல்லி இரண்டு கையையும் தூக்கினாள்.

"உனக்கு ஒரு ஓட்டுதான்," என்றேன்.

"இன்னொண்ணு உங்களுதுங்க," என்றாள்.