பாவாடை ஓரத்து மணிகள்

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனுசிக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, ஆப்பிரிக்காவின் கலகாரி மணல்வெளியில் ஒரு நெருப்புக்கோழி இருந்தாள். வாய் ஓயாத பேச்சுக்காரி. அவளுக்கு உயிர்த்தோழி பொனோலோ என்ற பெண்.

குஞ்சு பொரித்த பிறகு கிடக்கும் ஓடுகளையெல்லாம் நெருப்புக்கோழி பொனோலோவுக்கே கொடுத்துவிடுவாள். பொனோலோ அவற்றைச் சில்லுகளாக உடைத்து, துளை போட்டு, நரம்பில் கோத்து, கல்லில் உருட்டித் தேய்த்து வெள்ளை வெளேரென்று மணியாக்குவாள். அந்த ஊரில் மகளின் கல்யாணத் தோல்பாவாடைக்குத் தாய்தான் மணி தைக்க வேண்டும். ஆனால் உயிருள்ள முட்டையில் கை வைக்கக் கூடாது. இது தோழிகள் இருவரும் பேசி வைத்துக்கொண்டது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. நரிகள் தின்றது போக நெருப்புக்கோழிக்கு மிஞ்சியது ஒரே ஒரு முட்டை. பொரிகிற நாளும் நெருங்கிவிட்டது. உள்ளே குஞ்சு டொக் டொக்கென்று கொத்துவதைக் காது வைத்துக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். தாகமோ தாங்கவில்லை.

“பொனோலோ, தண்ணி குடிச்சிட்டு ஓடி வந்துடறேன். நரி வராம பாத்துக்கோடி.”

“போயிட்டு வா. நான் இருக்கேன்ல?”

இருந்தாள், இருந்தாள்! மடியில் மகளின் பாவாடையை வைத்துக்கொண்டு இருந்தாள். அதன் கீழ் ஓரத்தில் ஒரு வரிசை மணி குறைந்தது. மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்ததும் முதலில் ஓரத்தைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள். குறை கண்டால் சம்பந்தமே வேண்டாமென்று திரும்பிவிடுவார்கள்.

நெருப்புக்கோழி தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது முட்டை கிடந்த மணல்குழி காலி.

“ஐயோ, என் முட்டை எங்கடி?”

“பொரிஞ்சிடுச்சு! குஞ்சு உன்னைத் தேடிக்கிட்டு அந்தப் பக்கமா ஓடுச்சு. போ, சீக்கிரம் பிடி!”

பாவம், நம்பி ஓடினாள். முள்ளென்றும் பார்க்கவில்லை, மணல் சூடென்றும் பார்க்கவில்லை. மறுநாள் காலெல்லாம் கொப்பளித்துக் கல்யாண வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். மணப்பெண் நடந்து வந்தாள். பாவாடை ஓரத்தில் மணிகள் மோதி டொக் டொக்கென்றன. அந்தச் சத்தம் பெற்றவளுக்குத் தெரியாதா?

“நீதான் உடைச்சியா, பொனோலோ?”

பொனோலோ தலைகூடக் குனியவில்லை. “உனக்கென்ன, அடுத்த வருஷமும் முட்டை வைப்பே. என் மகளுக்குக் கல்யாணம் ஒரு தடவைதானே?”

நெருப்புக்கோழி வாயைத் திறந்தாள், மூடினாள். திரும்பி ஓடினாள்.

நெருப்புக்கோழி வாயடைத்துப் போனதும், மனிதரைக் கண்டால் ஓட்டமெடுப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். ஆனால் மணிப்பாவாடை கட்டிய பெண் எங்கேயாவது தூரத்தில் நடந்துபோனால், இன்றைக்கும் ஒரு கணம் நின்று, கழுத்தை நீட்டிக் காது கொடுக்கிறது. குஞ்சு இன்னும் உள்ளே கொத்திக்கொண்டிருப்பதாகத்தான் அதற்குக் கேட்கிறது.