கொன்றை எண்ணிய நூற்றிருபது குவியல்கள்

ஒரு காட்டில் வாழ்கிற விலங்குகளுக்கெல்லாம் அந்தக் காடு நன்றாகத் தெரியும் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகளே, இது பெரும் பிழை. இத்தனை காலமாக இதை யாரும் திருத்தவில்லை என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. மானுக்குப் புல் தெரியும். குரங்குக்குக் கிளை தெரியும். காட்டைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்படி ஒரு பல்கலைக்கழகம் மூங்கில் சரிவுக்குக் கீழே, ஒரு பலாத்தோப்புக்குள் இருந்தது. அங்கே காட்டுயிர் மேலாண்மை சொல்லிக்கொடுத்தார்கள். எந்த விலங்கு எத்தனை இருக்கிறது, அதற்கு எவ்வளவு தீனி வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அறிந்து, அதற்கேற்பக் காட்டை நடத்துகிற படிப்பு அது. பேராசிரியர் நாரையார் ஒற்றைக் காலில் நின்றபடி பாடம் நடத்துவார். பத்தொன்பது ஆண்டுகளாக அவருடைய மற்றொரு காலை எந்த மாணவரும் பார்த்ததில்லை.

கொன்றை என்ற இளம் யானை அங்கே சேர்ந்தாள். அவள் குலத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் யானை அவள்தான். அன்றிலிருந்து அவளுடைய அம்மாவின் நடையே மாறிவிட்டது.

"என் மகள் மேலாண்மை படிக்கிறாள்," என்றாள் தாய் யானை, மடுவில் தண்ணீர் குடிக்க வந்த காட்டெருமையிடம்.

"யாரை மேலாண்மை செய்வாள்?"

"உன்னையும் சேர்த்துத்தான்."

"எனக்கு எதற்கு அதெல்லாம்? நான் பாட்டுக்கு இருக்கிறேன்."

"படிக்காதவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்," என்று சொல்லிவிட்டுத் தாய் யானை தும்பிக்கையை உயர்த்திக்கொண்டு நடந்தாள்.

கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு கணக்கெடுப்பு நடத்தி, காட்டுச் சபையில் அறிக்கை வாசிக்க வேண்டும். அந்த அறிக்கையை வைத்துத்தான் சபை முடிவெடுக்கும். கொன்றைக்குக் கிடைத்தது, மூங்கில் சரிவில் எத்தனை யானைகள் என்ற கேள்வி.

"யானைகளை எண்ணாதே," என்றார் நாரையார். "யானை மறைந்துகொள்ளும். இலத்தி மறைந்துகொள்ளாது. சரிவின் நடுவே ஒரு நேர்கோடு பிடித்துக்கொள். பத்து நாள் அதில் நட. இரு பக்கமும் கிடக்கிற குவியல்களை எண்ணு. கோட்டோரம் இத்தனை என்றால் சரிவு முழுவதும் எத்தனை, அத்தனையும் போட எத்தனை யானை வேண்டும் என்று கணக்குப் போடு."

இலத்தி என்பது யானையின் சாணம். சிரிக்க வேண்டாம். பெரிய பெரிய அறிஞர்கள் அதை எண்ணித்தான் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

கொன்றையோடு ஒரு சாணி வண்டும் படித்தது. கிளறிப் பார்க்காமல் எதையும் நம்பாத வண்டு அது.

"நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டது.

"நீ வந்தால் எண்ணிக்கை குறைந்துவிடும். நான் எண்ணுவதற்குள் நீ உருட்டிக்கொண்டு போய்விடுவாய்," என்றாள் கொன்றை.

அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் வண்டு திரும்பிப் போய்விட்டது.

கொன்றை தினமும் காலையில் விடுதியில் வயிறு நிறையப் பலாப்பழம் தின்றுவிட்டுக் கிளம்புவாள். அந்தி சாயும்வரை அந்தக் கோட்டிலேயே மேலும் கீழும் நடப்பாள். ஒரே குவியலை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாதென்று, எண்ணிய ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி நட்டுவைத்தாள். அவ்வளவு கவனம். பத்தாம் நாள் முடிவில் நூற்றிருபது குச்சிகள் ஆகியிருந்தன. பெருக்கினாள், வகுத்தாள். நாற்பத்து நான்கு யானைகள் என்று விடை வந்தது.

"நம் கூட்டத்தில் பதினொரு பேர்தானே, கொன்றை? விடுதியில் இருக்கிற உன்னையும் சேர்த்தால் பன்னிரண்டு," என்றாள் அம்மா.

"அது கண்ணால் பார்த்த கணக்கு, அம்மா. மற்றவர்கள் மறைந்திருக்கிறார்கள்."

தாய் யானை அப்போதே மடுவுக்குப் போனாள்.

"நாங்கள் நாற்பத்து நான்கு பேராம். உங்கள் மந்தையில் எத்தனை?"

"முப்பது," என்றது காட்டெருமை.

"பாவம்," என்றாள் தாய் யானை.

கோடையின் நடுவில், அந்த மடுவின் கரையில் சபை கூடியது. புலி தலைமை. விதியை விட்டு ஓர் அங்குலம் நகராத புலி அது. கொன்றை நிமிர்ந்து நின்று அறிக்கையை வாசித்தாள். குரங்குகள்கூடச் சத்தம் போடாமல் கேட்டன. தாய் யானை நாலாபுறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், எல்லோரும் கேட்கிறார்களா என்று.

வாசித்து முடித்ததும் புலி மடுவைப் பார்த்தது.

"மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்தத் தண்ணீர் இருபது யானைக்குத்தான் தாங்கும். ஆகவே இருபத்து நான்கு யானைகள் நாளைக் காலையில் மலை முகட்டைத் தாண்டி மேற்குக் காட்டுக்குப் போய்விட வேண்டும்."

"நாங்கள் இருப்பதே பதினொரு பேர்," என்றாள் தாய் யானை.

"அப்படியானால் முதலில் நீங்கள் பதினொரு பேரும் புறப்படுங்கள். மீதிப் பதின்மூன்று பேரைச் சபை தேடிப் பிடித்து அனுப்பும்."

"என் தங்கையின் கன்று பிறந்து பத்து நாள்தான் ஆகிறது, ஐயா. அது முகடு ஏறாது."

"அறிக்கை உங்கள் மகளுடையது, அம்மா. என்னுடையது இல்லை," என்றது புலி.

கன்று தன் தாயின் வயிற்றுக்கடியில் நின்றுகொண்டு எல்லோரையும் வேடிக்கை பார்த்தது.

அப்போது கரையோரமாக ஓர் உருண்டையைத் தள்ளிக்கொண்டு வண்டு வந்து சேர்ந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம். சரிவிலிருந்துதான் வருகிறேன். குச்சி நட்ட குவியல்களைக் கிளறினால் பலாக்கொட்டையாக வருகிறது. சரிவில் பலாமரம் எங்கே இருக்கிறது?"

சபையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரிவில் பலாமரமே கிடையாது, பலா இருப்பது விடுதித் தோப்பில் மட்டும்தான் என்பது அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். நாரையார் வாயைத் திறக்கவில்லை. வண்டும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கொன்றை அம்மாவைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் பட்டம் கிடைக்கும். அம்மாவின் நடையும் அப்படியே இருக்கும். பிறகு கன்றைப் பார்த்தாள்.

"அவை என்னுடையவை," என்றாள்.

"எவை?" என்று கேட்டது புலி.

"பலாக்கொட்டை கிடக்கிற குவியல்கள். நாளெல்லாம் நான் அந்தக் கோட்டிலேயே நடந்தேன். நான் போட்டதையும் நானே எண்ணிவிட்டேன். சபை உச்சி வேளைவரை பொறுத்தால் கழித்துவிட்டு வந்து சொல்கிறேன்."

சபை பொறுத்தது. வண்டு கிளறியது, கொன்றை எண்ணினாள். நூற்றிருபதில் தொண்ணூறு குவியல்களில் கொட்டை இருந்தது. மீதி முப்பது. மறுபடியும் பெருக்கினாள், வகுத்தாள்.

"பதினொரு யானைகள்," என்று சபை முன் வாசித்தாள். "முந்தைய அறிக்கை தவறு. தவறு என்னுடையது."

"பதினொன்றுக்குத் தண்ணீர் தாங்கும். யாரும் போக வேண்டாம்," என்றது புலி.

குரங்குகள் சிரிக்க ஆரம்பித்தன. அப்போது நாரையார் இறகுக்குள்ளிருந்து மற்றொரு காலை மெல்ல எடுத்து, சேற்றில் ஊன்றி, இரண்டு காலிலும் நின்றார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"எத்தனையோ அறிக்கைகள் கேட்டாயிற்று," என்றார். "வாசித்த அன்றே திருத்தி வாசித்த மாணவியை இன்றுதான் பார்க்கிறேன். இவளுக்குப் பட்டம் உண்டு."

மறுநாள் மடுவில் காட்டெருமை காத்திருந்தது.

"நாற்பத்து நான்கு பேர் என்றாயே?"

"பதினொரு பேர்தான்," என்றாள் தாய் யானை. தும்பிக்கை நேற்றைவிட உயரத்தில் இருந்தது. "தவறு என்னுடையது என்று என் மகள் சபை நடுவில் நின்று சொன்னாள். உங்கள் மந்தையில் முப்பது பேர் இருக்கிறீர்களே, யாராவது ஒருவர் அப்படிச் சொன்னதுண்டா?"

காட்டெருமை தன் மந்தையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

அடுத்த ஆண்டு நாரையார் ஒரு புதிய விதி போட்டார். கணக்கெடுக்கப் போகிற மாணவர்கள் எல்லோரும், பத்து நாளும், விடுதியில் பலாப்பழம் தின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்; தான் போட்டது எது என்பதைக் கொட்டையே சொல்லிவிடும். அந்த ஆண்டு சேர்ந்திருந்த புலிக்குட்டியும் தின்றது.

நீதி: பிறரை எண்ணப் போகிறவர், முடிவைச் சொல்லும் முன் தன்னைக் கழித்துவிட வேண்டும்; கழிக்க மறந்தால், அதை முதலில் சொல்கிறவர் அவராகவே இருக்க வேண்டும்.