ஜெசிந்தா ராப் பழகிய கதை

மாஸ்டருக்கு வயது இருபத்தேழு. மாணவிக்கு எழுபது. இது யாழ்ப்பாணத்தில், குருநகரில் நடந்தது.

மாஸ்டரின் பெயர் துவாரகன். கடற்கரை வீதியில் ஒரு டயர்க் கடைக்கு மேலே அறை எடுத்து, இசைத்தட்டுச் சுழற்றும் மேசை ஒன்று, ஒரு கணினி, ஒரு மைக் இவற்றை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு ஹிப் ஹொப் சொல்லிக்கொடுத்தான். தாளம் கட்டுவது எப்படி, கட்டிய தாளத்தின்மேல் சொல்லை நிறுத்துவது எப்படி, அவ்வளவுதான் பாடம். வந்தவர்கள் எல்லாரும் அவனை மாஸ்டர் என்றார்கள்.

மாணவியின் பெயர் ஜெசிந்தா சவரிமுத்து. ஒரு காலத்தில் இலங்கையில் அந்தப் பெயரைக் கேள்விப்படாத ஆளில்லை. பொப் பாட்டுக்காரி. பத்தொன்பது வயதில் 'மஞ்சள் குடைக்காரி' என்றொரு பாட்டுப் பாடினார். கலியாண வீட்டிலும் பஸ்ஸிலும் தேத்தண்ணிக் கடையிலும் அதுவே ஒலித்தது. 'குடைக்காரி' என்ற சொல்லில் அவருடைய குரல் ஏறும். இனி ஏற இடமில்லை என்று கேட்கிறவன் நினைக்கும்போது இன்னும் ஒரு படி ஏறும். தமிழ் தெரியாத சனம்கூட அந்த இடம் வரும்வரை பொறுத்திருந்து சேர்ந்து பாடும்.

பிறகு அவருக்குக் கழுத்தில் கழலை வந்தது. வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. சண்டைக் காலத்தில் டென்மார்க்குக்குப் போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்தார். வயது போனபின் ஊருக்குத் திரும்பித் தங்கை வீட்டில் இருந்தார். கோயிலில் எல்லாரும் பாடும்போது அவர் மட்டும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் பின்னேரம் துவாரகன் அந்த வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு மடிக்கணினி.

"அன்ரி, நாங்கள் ஒரு மிக்ஸ்டேப் செய்திருக்கிறம். உங்கடை பழைய பாட்டுகளிலை இருந்து துண்டு துண்டாய் எடுத்து, அதுக்கு மேலை எங்கடை பிள்ளையள் ராப் சொல்லியிருக்கினம். இஞ்சை ஆக்கள் இருக்கினம், மட்டக்களப்பு ஆக்கள் இருக்கினம், கனடா, ரொறன்ரோவிலை இருந்தும் ரெண்டு பேர். 'குடைக்குக் கீழை' எண்டு பேர் வைச்சிருக்கிறம். நீங்கள் ஓம் எண்டால்தான் வெளியிலை விடுவம்."

ஜெசிந்தா கேட்டார். முழுவதையும் ஒரே இருப்பில் கேட்டார். தங்கை கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆடை கட்டியது.

"எல்லாம் என்னைப் பற்றித்தானோ?"

"ஓம்."

"நான் செத்துப்போனன் எண்டு நினைச்சோ செய்தனீங்கள்?"

துவாரகன் விரல்விட்டு எண்ணினான். "மூண்டு பேர் அப்பிடித்தான் நினைச்சிருந்தவை" என்றான்.

ஜெசிந்தா சிரித்தார். அந்தச் சிரிப்பு, தகரத்தில் மணல் விழுவதுபோல் கரகரத்தது.

"சரி. வெளியிலை விடுங்கோ. ஆனால் ஒண்டு."

"சொல்லுங்கோ."

"இதை எனக்கும் பழக்கிவிடுங்கோ."

"எதை, அன்ரி?"

"இந்தப் பிள்ளையள் செய்யிறதை. இதிலை ஒருத்தருக்கும் குரல் இல்லை, தம்பி. ஆனால் ஒண்டையும் இடையிலை நிப்பாட்ட மனம் வரேல்லை. அது எப்பிடி?"

அவர் பகிடி விடுகிறார் என்று துவாரகன் நினைத்தான். அடுத்தநாள் டயர்க் கடைப் படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தார். அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கதிரை கொடுத்தார்கள். அவர் மற்றவர்களைப்போலப் பாயில் இருந்தார்.

"மாஸ்டர், தொடங்குங்கோ" என்றார்.

"அன்ரி, என்னைப்போய் மாஸ்டர் எண்டு..."

"உங்களிட்டைப் படிக்க வந்திருக்கிறன். வேறை என்னெண்டு கூப்பிடுறது?"

துவாரகன் தாளத்தைப் போட்டான். நாலு வரி எழுதிக் கொடுத்தான். ஜெசிந்தா முதல் வரியைத் தொடங்கினார். ஆனால் அது வரியாக நிற்கவில்லை, ராகமாக வளைந்தது. கடைசிச் சொல் ஏறப் பார்த்து, ஏற முடியாமல் உடைந்தது.

"பாடாதேங்கோ, அன்ரி. கதையுங்கோ."

மறுபடி சொன்னார். மறுபடியும் வளைந்தது.

அப்படியே பல நாள் போனது. இளம் பிள்ளைகள் ஒரு கிழமையில் பிடித்துக்கொள்வதை அவரால் பிடிக்க முடியவில்லை. பாட்டு அவருடைய நாக்கில் ஊறியிருந்தது. ஆனாலும் அவர் வராமல் விட்ட நாளில்லை. முதல் ஆளாக வருவார். மற்றவர்கள் சொல்லும்போது கண்ணை மூடி முழங்காலில் தாளம் போடுவார். யாராவது நல்ல வரி சொன்னால், "அதைத் திருப்பிச் சொல்லு பிள்ளை" என்று கேட்டு வாங்குவார்.

ஒருநாள் கேட்டார்: "மாஸ்டர், பாடிறதை மறக்கிறது எப்பிடி?"

துவாரகன் மைக்கை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "டென்மார்க்கிலை என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்டான்.

"அதை ஏன் கேட்கிறியள். கிழங்குதான். ஒவ்வொரு நாளும் கிழங்கு. மலைமாதிரிக் கொட்டிக் கிடக்கும். பனிக்குள்ளாலை போய், ஈரச் சப்பாத்தோடை நிண்டு உரிக்கிறது. அங்கை இருந்த கிழவர் ஒருத்தர் சூப்பு ஆறிப்போச்சுதெண்டு தினமும் திருப்பி அனுப்புவார். அது ஆறினதில்லை. ஆரும் வந்து கதைக்கவேணும் அந்தாளுக்கு. நான் கொண்டுபோய், கரண்டியாலை கோப்பையிலை தட்டித் தட்டி, தமிழிலைதான் கதைப்பன். அவருக்கு ஒண்டும் விளங்காது. குடிச்சு முடிப்பார்."

துவாரகன் கணினியில் ஒரு விசையைத் தட்டினான். அவர் இப்போது பேசியது திரும்ப வந்தது, கீழே தாளத்தோடு. மைக் கவிழ்ந்து கிடந்தபடியே கேட்டிருந்தது. 'கிழங்குதான்' தாளத்தின்மேல் விழுந்தது. 'ஒவ்வொரு நாளும் கிழங்கு' அடுத்த அடியில் விழுந்தது.

ஜெசிந்தா தன் குரல் முடியும்வரை முழங்காலில் தாளம் போட்டார்.

"இவள் நல்லாய்க் கதைக்கிறாள்" என்றார்.

அன்றிலிருந்து வரிகள் வந்தன.

மிக்ஸ்டேப் வெளியே போனது. ஃபோனிலிருந்து ஃபோனுக்குப் பரவியது. பாட்டியார் காலத்துப் பாட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். கடற்கரை மைதானத்தில் ஒரு விழா வைப்பதென்று முடிவானது. விழாக்காரர் துவாரகனிடம் வந்து, "அம்மா மேடைக்கு வந்தால் போதும். பழைய ரெக்கோட்டைப் போடுங்கோ, அவ வாயை அசைக்கட்டும். சனம் அந்தக் குரலுக்குத்தான் வரும்" என்றார்கள்.

துவாரகன் அதை மறைக்காமல் ஜெசிந்தாவிடம் சொன்னான்.

"அவையள் சொல்லுறது சரிதானே, மாஸ்டர்" என்றார் ஜெசிந்தா. "உங்கடை பிள்ளையள்கூட அந்தக் குரலைத்தானே கொண்டாடினவை. இந்தக் குரலை வைச்சு நான் என்ன செய்யிறது?"

துவாரகன் பழைய இசைத்தட்டை எடுத்து மேசையில் சுழலவிட்டான். 'மஞ்சள் குடைக்காரி' பாடியது. பத்தொன்பது வயதுக் குரல் அறையை நிறைத்தது. அவன் ஒரு விரலைத் தட்டின் ஓரத்தில் மெல்ல வைத்தான். தட்டு தயங்கியது. குரல் இறங்கியது. இன்னும் அழுத்தினான். இன்னும் இறங்கி, தடித்து, கரகரத்து, எழுபது வயதுக் குரலாயிற்று. அறையில் இருந்தவர்கள் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது ஆர்?" என்று கேட்டான் துவாரகன்.

ஜெசிந்தா அவனுடைய விரலைப் பார்த்தார்.

"தம்பி, நல்ல வித்தை. ஆனால் விரலை எடுத்தால் அவள் திரும்பி வந்திடுவாள். எனக்கு அப்பிடி இல்லை."

துவாரகன் விரலை எடுத்தான். இளம் குரல் திரும்பி வந்தது. ஊசியைத் தூக்கி வைத்தான்.

அன்று ஜெசிந்தா நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் படியேறி வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்:

"என்ரை வரிகளை நானே சொல்லுறன். 'மஞ்சள் குடைக்காரி' கோரஸையும் நானே எடுக்கிறன், கீழ்க் குரலிலை. அந்த ஏறுற இடத்திலை உடைஞ்சால் நீங்கள் உடனை ரெக்கோட்டைப் போடவேணும். நான் வாயை அசைச்சுச் சமாளிப்பன். சத்தியம் பண்ணுங்கோ."

"அன்ரி, நீங்கள் நிப்பாட்டினால் போடுவன்."

"அது போதும்."

விழா அன்று மைதானம் கொள்ளவில்லை. வயதானவர்கள் கதிரைகளில் இருந்தார்கள். பிள்ளைகள் மேடைக்கு முன்னால் நிலத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ராப் சொல்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். கடைசியில் ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னபோது சனம் எழுந்தது.

அவர் சாதாரணச் சீலையில், பாட்டா செருப்போடு வந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். துவாரகன் தாளத்தைத் தொடங்கினான். முதல் நாலு அடியை அவர் காலால் எண்ணினார். பிறகு சொன்னார்:

"பத்தொன்பது வயசுப் பெட்டை, உன்னை எனக்குத் தெரியும்,
உன்ரை குடையைத் தெரியும், உன்ரை கொழுப்பும் தெரியும்.
நான் போன ஊரை உனக்குத் தெரியாது, அங்கை பனி.
அங்கை நான் உரிச்ச கிழங்கை அடுக்கினால் ஒரு மலை.
சூப்பு ஆறேல்லை, கிழவா, உனக்குத் தனிமை,
கேள், கரண்டியாலை தட்டுறன், இது என்ரை தமிழ்."

கதிரைகளில் இருந்தவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். முன்னால் நின்ற பிள்ளைகள் கையை உயர்த்தித் தாளத்துக்கு அசைத்தார்கள். ஜெசிந்தா ஒரு கையை மைக்கிலிருந்து எடுத்துக் காற்றில் தாளம் போட்டார். வரிகள் தாமாக வந்தன. மூச்சை எங்கே எடுக்கவேண்டுமோ அங்கே எடுத்தார்.

கோரஸ் வந்தது. கீழ்க் குரலில் தொடங்கினார். 'மஞ்சள்' வந்தது. 'குடை' என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றது. அரைக் கணம்தான். அந்த அரைக் கணத்தில், மேலே, தெளிவாக, இளமையாக அந்தக் குரல் கேட்டது. ஏறியது. இனி இடமில்லை என்கிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறியது.

போட்டுவிட்டான் என்று ஜெசிந்தா நினைத்தார்.

வாயை அசைத்து நிற்கத்தான் எண்ணியிருந்தார். ஆனால் அதற்குள் அவருடைய குரல் மறுபடி புறப்பட்டுவிட்டது. அந்த உயரக் குரலுக்குக் கீழே, கரகரவென்று, பாட்டும் பேச்சுமாக, தன்பாட்டில் போனது. நிறுத்தத் தோன்றவில்லை. கடைசிவரை போனார். முடிந்தபோது கடல் இரைச்சல்கூடக் கேட்காத அளவுக்குக் கைதட்டல்.

மேடைக்குப் பின்னால் துவாரகன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஜெசிந்தா வந்து ஒரு பெட்டியில் இருந்தார். வியர்த்திருந்தது. முகத்தில் மகிழ்ச்சி இருந்தது, அதற்குள் ஒரு சின்ன வருத்தமும் இருந்தது.

"நல்ல நேரத்திலை ரெக்கோட்டைப் போட்டனீங்கள், மாஸ்டர். காப்பாத்திப்போட்டியள்."

"நான் போடேல்லை, அன்ரி. நீங்கள் நிப்பாட்ட மாட்டியள் எண்டு தெரியும்."

"எனக்குக் கேட்டதே. அவள் பாடினவள்."

துவாரகன் தன் பையைத் திறந்து காட்டினான். இசைத்தட்டு உறைக்குள் இருந்தது. கொண்டுவரும்போது உறைக்கு மேல் சுற்றி ஒட்டிய நாடாகூடப் பிரிக்கப்படவில்லை.

ஜெசிந்தா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப பாடினது ஆர்?"

"முன்னுக்கு நிண்ட பள்ளிக்கூடப் பெட்டையள். அவையளுக்கு அந்தப் பாட்டு முழுக்கப் பாடம்."

"அவ்வளவு உயரத்துக்கோ?"

"ஓம், அன்ரி. அந்தக் குரல் இப்ப அவையளுக்கும் வரும்" என்றான் துவாரகன், சுருட்டிய வயரைப் பெட்டியில் வைத்தபடி. "இந்தக் குரல்தான் வேறை ஒருத்தருக்கும் வராது."