கூடைக்கு முன் ஒரு மூச்சு

"சாமி, இன்னைக்கும் மாடத்தி என்னை ஊதச் சொல்லுதா" என்றான் ஆவுடையப்பன்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஊதினீங்களா அண்ணாச்சி?"

"ஊதினேன்."

"கூடை குடுத்தாளா?"

"குடுத்தா."

"மண்ணு சுமந்தீங்களா?"

"சாயங்காலம் வரைக்கும்."

"அப்புறம் என்ன?"

"மானம் போகுது சாமி. அதுதான்."

ஆவுடையப்பன் லாரி ஓட்டியவன். குடித்துக் குடித்து லாரி போயிற்று, வீடு போயிற்று, கைநடுக்கம் ஒன்றுதான் போகாமல் கூடவே வந்தது. அந்த நடுக்கத்தோடுதான் எட்டு மாதத்துக்கு முன் இந்த ஊருக்குப் புதியவனாக, குளத்துக்கு மேற்கே இருந்த மடத்துக்கு வந்து சேர்ந்தான்.

மடத்துச் சாமி அவனைவிட ஆறு வயது இளையவர். அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான். வந்தவனுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும், "ஊரோட சேர்ந்து ஒரு வேலை பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்தால் அந்த ஊரில் குளக்கரைக்கு மண் போட்டுப் பலப்படுத்துவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள். மடமும் ஒரு வீடுதான். வருஷா வருஷம் சாமியே போவார். இந்த வருஷம் ஆவுடையப்பனை அனுப்பினார்.

கரையில் கூடை கொடுப்பவள் மாடத்தி. குடிகாரன் என்று பேர் எடுத்த ஆள் யாராக இருந்தாலும், அவள் முன்னால் வாயைத் திறந்து ஊத வேண்டும். வாடை அடித்தால் கூடை கிடையாது. அது அந்தக் கரையின் வழக்கம்.

"நாலு நாளா ஊதுதேன். இன்னைக்கு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, 'வெங்காயம்'னா. வரிசையே சிரிக்குது. பின்னால ஒருத்தன், 'அண்ணாச்சி, ஊதுறதுதான் ஊதுதீங்க, ஒரு பலூனை வாயில வச்சுக்கிடுங்க. பிள்ளைகளுக்காவது ஆகும்'ங்கான்."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. கீரைக் கட்டுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

"எட்டு மாசம் சாமி. ஒரு சொட்டு நாக்குல பட்டிருந்தாக் கேளுங்க. குடிச்சப்ப ஒருத்தரும் என்னை ஊதச் சொன்னதில்ல. விட்டப்புறம் ஊதச் சொல்லுதாங்க."

சாமி அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தார்.

"நாளைக்கும் அவ ஊதச் சொன்னா, கரையில இருந்து நேரா கடைக்குத்தான் போவேன். குடிக்காமலே குடிகாரன் பேரு எதுக்கு? குடிச்சிட்டாவது வாங்கிக்கிடுதேன்."

இப்போதுதான் சாமி நிமிர்ந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். அது மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தது.

"நான் என்ன செய்யணும்?"

"ஒரு வார்த்தை சொல்லணும். 'இவன் திருந்திட்டான்'னு மாடத்திகிட்ட ஒரே ஒரு வார்த்தை. உங்களைக் கண்டா ஊரே செருப்பைக் கழட்டுது. உங்க பேச்சைத் தட்டுவாளா?"

"காலையில வாரேன்" என்றார் சாமி.

மறுநாள் காலையில் இருவரும் கரைக்குப் போனார்கள். வானம் மூடிக்கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் சாமியைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"சிபாரிசுக்குச் சாமியையே கூட்டியாந்துட்டாரு அண்ணாச்சி" என்றான் பலூன் சொன்னவன்.

ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். சாமி சொல்லட்டும். எல்லார் காதிலும் விழட்டும்.

மாடத்திக்கு அறுபது வயது இருக்கும். சாமியைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டாள். சாமியும் கும்பிட்டார்.

பிறகு அவள் முன்னால் குனிந்தார். வாயைத் திறந்தார். ஊதினார்.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

மாடத்தி கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். அவசரமே படவில்லை. திரிந்ததோ என்று பாலை மோந்து பார்ப்பவள்போல, ஒருமுறைக்கு இருமுறை மோந்தாள்.

"எடுத்துக்கோங்க சாமி" என்று ஒரு கூடையை நீட்டினாள்.

அடுத்த ஆள் ஆவுடையப்பன்.

"ஊதுங்க."

அவன் சாமியைப் பார்த்தான். சாமி கூடையோடு நடக்கத் தொடங்கிவிட்டார். வேறு வழி தெரியாமல் ஊதினான். கூடை வந்தது. வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடி அவரைப் பிடித்தான்.

"எனக்காகவா சாமி அப்படிச் செஞ்சீங்க?"

"இல்ல. வருஷா வருஷம் செய்யறதுதான்."

"நீங்க விட்டு எத்தனை வருஷமாச்சு?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது வருஷமா மோந்து பாக்கா? கும்பிடவும் செய்தா, மோந்தும் பாக்காளா?"

சாமி மடைக்கு நேர் மேலே வந்ததும் நின்றார். கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டிருந்தது.

"பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால இங்க மடைக்காவல் நான். பட்டப்பகல். மழை கொட்டுது. மடையைத் திறந்துவிடணும். நான் குடிச்சிட்டு மரத்தடியில கிடந்தேன். தண்ணி ஏறி, இந்த இடத்துல கரை பிட்டுக்கிட்டுது. அடைக்கணும்னு முதல்ல குதிச்சவரு மாடத்தி வீட்டுக்காரரு. அவரு திரும்ப ஏறி வரல."

சாமி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

தூறல் விழத் தொடங்கியது. மண் வெட்டுகிறவர்கள், "சுருக்க வாங்க, சுருக்க வாங்க" என்று சத்தம் கொடுத்தார்கள். இருவரும் போய்க் கூடையை வைத்தார்கள். மண் விழுந்தது.

"எப்ப சாமி நிறுத்துவா?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"அவ சாகுறப்ப."

"அதுக்கப்புறமாவது உங்களுக்கு நிம்மதி."

சாமி நிறைந்த கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறத்தை நினைச்சாத்தான் அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு."